மொத தடவ ஸ்டீரியோ வாங்குறீங்களா, டப்பா மேல இருக்குற நம்பர நம்பாதீங்க

நம்ம பக்கம் ஸ்பீக்கர்னாலே ஒரே கணக்குதான், எவ்ளோ தூரம் கேக்குது. மாரியம்மன் கோயில்ல கொழாய் கட்டுனா வாய்க்கா தாண்டி அடுத்த ஊருக்கு கேக்கணும். அதே கணக்கோட வீட்டுக்கு செட் வாங்கப் போனா தப்பு அங்கயே ஆரம்பிச்சிடுது. நானும் அப்டித்தான் போனேன். குறுவை அறுத்த காசு கையில, தீபாவளி நேரம், கும்பகோணத்துல ஒரு கடை, டப்பா மேல 5000 வாட்ஸ் பிஎம்பிஓன்னு கொட்ட எழுத்துல போட்டிருந்தான், வேற எதையும் கேக்கவே இல்ல தூக்கிட்டு வந்துட்டேன். ஒரு வருசத்துல ஒரு பக்கம் ஊமையாச்சு. மெக்கானிக் அண்ணன் தொறந்து பாத்துட்டு சிரிச்சாரு, உள்ள சத்தத்த பெருக்குற சில்லு, டிடிஏ 2030ன்னு ஒரு ஐசி, ரெண்டே ரெண்டு. ஒன்னு ஏறக்குறைய 14 வாட் தரும், அவ்ளோதான் தம்பின்னாரு.

பிஎம்பிஓங்குறது ஒரு கணம் மட்டும் வர்ற உச்ச வாட்ஸ்னு சொல்லிக்கிறது, அதுக்கு இதான் அளவுன்னு ஒரு வரையறையே கிடையாது, கம்பெனிக்காரன் இஷ்டத்துக்கு போட்டுக்கலாம். பாக்க வேண்டியது ஆர்எம்எஸ், தொடர்ந்து எவ்ளோ தரும்ங்குற கணக்கு. அதயும் நம்பலன்னா செட்டோட பின்பக்கம் பாருங்க இல்லாட்டி அடாப்டர் மேல பாருங்க. 12 வோல்ட் 5 ஆம்பியர்னு இருந்தா பெருக்குங்க, 60 வாட். உள்ள போறதே 60தான், அப்பறம் வெளிய 500 எங்கேர்ந்து வரும்? கடைக்காரர்கிட்ட இத கேட்டு பாருங்க, பேச்ச மாத்திடுவாரு.

வாட்ஸ் டபுள் ஆனா சத்தமும் டபுள் ஆவும்னு நெனைக்காதீங்க, ஏறுறது வெறும் 3 டெசிபல் (சத்தத்த அளக்குற கணக்கு). காதுக்கு ரெண்டு மடங்கா தெரியணும்னா பத்து மடங்கு வாட்ஸ் வேணும். அதுனால ஸ்பீக்கரோட சென்சிட்டிவிட்டிய, அதாவது ஒரே அளவு பவருக்கு எவ்ளோ சத்தம் தருதுங்குறத கேளுங்க, 85 டெசிபல் ஸ்பீக்கர விட 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு பாதி பவர் போதும். 12க்கு 15 அடி கூடத்துல சாதாரணமா கேக்குறப்ப ஓடுறதே ஒன்னு ரெண்டு வாட்தான்.

அடுத்த தப்பு, அதே காசுக்கு 5.1 (அஞ்சு ஸ்பீக்கரு, பேஸுக்கு தனியா ஒரு பொட்டி) கெடைக்குதேன்னு போறது. பாட்டெல்லாம் பெரும்பாலும் இடது, வலதுன்னு ரெண்டு சேனல்லதான் பதிவு ஆவுது. ஒரே காச ஆறு பொட்டிக்கு பிரிச்சா ஆறும் தகர டப்பா. கம்மி பட்ஜெட்னா நல்லதா ரெண்டு ஸ்பீக்கர், ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், அவ்ளோதான். பாதிக்கு மேல காசு ஸ்பீக்கருக்கு போட்டும்.

கடையில போடுற பாட்ட கேட்டு மயங்கிடாதீங்க, டம் டம்னு பேஸ் மட்டும் வர்ற பாட்டா பாத்துதான் வச்சிருப்பாங்க. உங்களுக்கு மனப்பாடமா தெரிஞ்சத போன்ல எடுத்துட்டு போங்க. நான் எடுத்துட்டு போறது நாயனக் கச்சேரியில வர்ற ஒரு தவில் தனி. தவிலோட இடது பக்கம் தொப்பியில பூவரசங்கம்பு விழுற சத்தம் வேற, வலது பக்கம் வலந்தலையில கூடு போட்ட விரல் சத்தம் வேற, ரெண்டும் கலங்காம வரணும். நாயனம் காத குத்தக் கூடாது, அதே நேரம் போர்வைக்குள்ள பூந்துக்கிட்டு வாசிச்ச மாதிரியும் இருக்கக் கூடாது. இன்னொன்னு திருவையாறு ஆராதனையில நூத்துக்கணக்கான பேரு சேந்து பாடுறது, மட்டமான செட்டுல அது சந்தை எரைச்சலாத்தான் கேக்கும்.

சரி, நல்லதாவே வாங்கியாச்சு, ஆனா கொண்டாந்து எங்க வைக்கிறோம்? டிவி ஸ்டாண்ட்ல ரெண்டையும் ஒட்டி ஒட்டி, இல்லாட்டி ஒன்னு அலமாரி உச்சியில இன்னொன்னு தரையில. நம்ம வீடு செவப்பு சிமெண்ட்டு தரை, சுண்ணாம்பு செவுரு, ஒன்னும் சத்தத்த குடிக்காது, எல்லாம் திருப்பி அடிக்கும். கோரைப்பாய் விரிச்சா மட்டும் பத்தாது, கனமா ஜமக்காளம் போடுங்க, ஜன்னலுக்கு துணி, பின்னாடி நெல்லு மூட்டை அடுக்கி இருந்தா அதவிட நல்லது (சும்மா சொல்லல, எங்க சித்தப்பா வீட்டு கூடத்துல அறுப்பு சமயத்துல மட்டும் பாட்டு தனி சொகமா இருக்கும்). மூலையில தள்ளுனா பேஸ் கூடி கொழகொழன்னு ஆயிடும். ரெண்டு ஸ்பீக்கருக்கு நடுவுல எவ்ளோ தூரமோ, நீங்க உக்கார்ற எடமும் அதே தூரத்துல முக்கோணமா இருக்கட்டும், ட்வீட்டர் (கீச்சு சத்தம் தர்ற சின்ன ஸ்பீக்கர்) காது மட்டத்துக்கு வரட்டும்.

பேஸே வரலன்னு கடைக்கு தூக்கிட்டு ஓடுறதுக்கு முன்னாடி ஒயர பாருங்க, ஒரு ஸ்பீக்கர்ல செவப்பும் கருப்பும் மாறி இருந்தாலே பேஸ் காணாம போயிடும்.

பழைய செட் வாங்குனா ஸ்பீக்கர்ல அதிர்ற கூம்பு (கோன்) இருக்குல்ல, அத சுத்தி இருக்குற ஃபோம தொட்டு பாருங்க, பொடியா உதிர்ந்தா அதுக்கு தனியா செலவு இருக்கு. வேதாரண்யம், நாகை பக்கம்னா உப்புக்காத்துல ஒயர் மாட்டுற எடம் துரு பிடிச்சிருக்கும், சுரண்டி பாத்துட்டு வெல பேசுங்க.

வெளிநாட்டுலேர்ந்து வர்றதும் இங்க ஜாஸ்தி. சிங்கப்பூர் மச்சான் கொண்டாந்தா பிரச்சினை இல்ல, அங்கயும் 230 வோல்ட்தான், பிளக்க மட்டும் மாத்திக்கலாம். அமெரிக்கா 120, ஜப்பான் 100, பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு படிக்காம நம்ம பிளக்குல சொருகுனா பொகைதான். பக்கத்து தெருவுல ஒருத்தரு அப்டி சொருகிட்டு, சாம்பிராணி போட்ட மாதிரி கூடம் பூரா பொகையோட வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாரு, பாட்டு ஒரு வரி கூட வரல.