கையைக் கடிக்காமல் வெனிஸ்: முதுகுப்பையோடு கிளம்பும் ஜோடிக்கு

வெனிஸில் பணம் கரைவது முக்கியமாக மூன்று வழிகளில்: தங்குமிடம், படகு, உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு. முதலாவதுக்கு மனம் வைத்துச் செலவழியுங்கள், மற்ற இரண்டிலும் கையை இறுக்கிக்கொள்ளுங்கள். பகல் முழுக்க ரியால்டோ பாலத்திலும் சான் மார்கோ சதுக்கத்திலும் தோளை இடித்துக்கொண்டுதான் நகர முடியும். ஒருநாள் பயணிகள் ரயிலேறிய பிறகும், மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்பும்தான் இருவர் கைகோத்து நடக்க அந்தச் சந்துகளில் இடம் கிடைக்கும். அந்த நேரம் வேண்டுமென்றால் ஊருக்குள்ளேயே தூங்க வேண்டும்.

ஆகவே நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் மூன்று இரவு தங்குவதைவிட இரண்டு இரவு தீவில் தங்குவது மேல். நவம்பரிலும், கார்னிவல் திருவிழா தொடங்கும் முன் ஜனவரியிலும், வார நாட்களில் வாடகை இறங்கும். ஹாஸ்டலில் இரண்டு படுக்கை எடுப்பதற்கு முன் சின்ன விடுதியின் இருவர் அறை வாடகையையும் பாருங்கள். பல நாட்களில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஹாஸ்டலில் ஆண், பெண் தனித்தனிப் படுக்கைக் கூடமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நகர வரி தலைக்கு, இரவுக்கு என்று தனி. பெரும்பாலும் அறையில் சேரும்போது கேட்பார்கள்.

கோடை வாரக்கடைசியில் தீவு கட்டுப்படியாகவில்லை என்றால் மெஸ்த்ரேதான். ரயிலில் பத்து நிமிடம். தீவுக்குள் இருக்கும் ரயில் நிலையத்தின் பெயர் வெனேசியா சாந்தா லூச்சியா. வெனேசியா மெஸ்த்ரே என்பது நிலப்பகுதியில் இருப்பது. வாங்கும் டிக்கெட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் அபராதம்.

நுழைவுக் கட்டணம் பற்றிக் குழப்பம் வேண்டாம். 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் அதிகமுள்ள குறிப்பிட்ட நாட்களில் காலை 8.30 முதல் மாலை 4 வரை ஒருநாள் பயணிகளிடம் வாங்குகிறார்கள். 2025இல் முன்கூட்டிக் கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குபவர்களுக்கு விலக்கு உண்டு. மெஸ்த்ரேயும் இதில் அடங்கும். ஆனால் நகராட்சித் தளத்தில் பதிந்து, விலக்குக்கான க்யூஆர் குறியீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

முகவரி இங்கே தனி ரகம். ஊர் ஆறு வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. வட்டாரம் முழுவதற்கும் ஒரே எண் வரிசை, அது ஆயிரக்கணக்கில் ஓடும். ‘கன்னரேஜோ, இத்தனையாம் எண்’ என்று மட்டும் வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. சந்தின் பெயரையும் பக்கத்துப் படகுத்துறையையும் விடுதியில் முன்பே கேட்டு வாங்குங்கள். குறுகிய சந்தில் ஜிபிஎஸ் தடுமாறி, பாலமே இல்லாத கால்வாய்க்கு அந்தப் பக்கம் உங்களைக் காட்டும். அப்போது சுவரில் இருக்கும் ‘பெர் ரியால்டோ’, ‘பெர் சான் மார்கோ’ என்ற மஞ்சள் பலகைகளை நம்புங்கள்.

வாப்பரெட்டோ எனும் நீர்ப்பேருந்தில் 75 நிமிட ஒற்றை டிக்கெட் 9.50 யூரோ. இருவருக்கு ஒரு சவாரி 19 யூரோ என்றால் கணக்கு எங்கே போகும்! எனவே படகு வேலைகளையெல்லாம் ஒரே 24 மணி நேரத்துக்குள் அடக்குங்கள். அந்த டிக்கெட் தலைக்கு 25 யூரோ. வாங்கிய நேரத்திலிருந்து அல்ல, முதல்முறை இயந்திரத்தில் காட்டிய நிமிடத்திலிருந்துதான் நேரம் ஓடும். மாலை நான்கு மணிக்குத் தொடங்கினால், அந்தி சாயும்போது 1ஆம் எண் படகில் பெருங்கால்வாய் முழுவதும் போகலாம். பியாத்சாலே ரோமா துறையிலேயே ஏறினால் வெளி இருக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம். அடுத்தது ரயில் நிலையத் துறை, அங்கே கூட்டம் ஏறிவிடும். மறுநாள் காலை ஃபோந்தாமெந்தே நோவே துறையில் 12ஆம் எண் பிடித்து முரானோ, புரானோ தீவுகளுக்குப் போய், நான்குக்குள் திரும்பிவிடலாம். ஒவ்வொரு முறை ஏறும்போதும் டிக்கெட்டை இயந்திரத்தில் காட்டுங்கள். முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடியுங்கள். 29 வயதுவரை உள்ளவர்களுக்கு ரோலிங் வெனிஸ் அட்டை 6 யூரோ; அதோடு 72 மணி நேர டிக்கெட் 45க்குப் பதில் 27.

கொண்டோலா எனும் துடுப்புப் படகுக்கு நகராட்சி விலை உண்டு: பகலில் 30 நிமிடம் 90 யூரோ, இரவு 7க்கு மேல் 35 நிமிடம் 110. தலைக்கு அல்ல, படகுக்கு. ஐந்து பேர்வரை ஏறலாம் என்பதால் இன்னொரு ஜோடியோடு பகிர்ந்தால் பாதி. சின்னக் கால்வாய்கள் வழியாகப் போகச் சொல்லி ஏறுவதற்கு முன்பே பேசுங்கள். தண்ணீரைத் தொட்டால் போதும் என்பவர்களுக்கு த்ராகெத்தோ: சாந்தா சோஃபியாவிலிருந்து ரியால்டோ சந்தைக்கு அதே மாதிரிப் படகில் பெருங்கால்வாயைக் கடக்கத் தலைக்கு 2 யூரோ. சில நிமிடம்தான், பகலில் மட்டும். சில்லறை வைத்திருங்கள்.

சாப்பாட்டுக்கு பாக்காரோ எனும் சின்ன ஒயின் கடைகள். ரொட்டித் துண்டின் மேல் மீனோ காய்கறியோ வைத்த சிக்கெத்தி, ‘ஓம்ப்ரா’ என்றால் ஒரு சின்னக் கிண்ணம் ஒயின். நின்றபடியே நான்கைந்து தின்றால் இரவுச் சாப்பாடு முடிந்தது. ஆறரைக்குள் போங்கள், பிறகு நல்லதெல்லாம் தட்டில் இருக்காது. பக்கலா என்பது உலர்ந்த காட் மீன், போல்பெத்தே பெரும்பாலும் இறைச்சி உருண்டை. சைவக்காரர்கள் கேட்டுவிட்டு எடுக்கவும். மேசை போட்ட உணவகத்தில் ‘கொப்பெர்த்தோ’ என்று தலைக்கு இருக்கைக் கட்டணம் சேரும். அதைவிட மோசம் மீன் விலை: பட்டியலில் ‘லெத்தோ’ என்று போட்டிருந்தால் அது 100 கிராமுக்கு. 8 யூரோ என்று நினைத்துக் கேட்ட மீன் 600 கிராம் இருந்தால் 48. எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். ஊர் முழுக்கக் குடிநீர்க் குழாய்கள் உண்டு. கடையில் ரொட்டி, பாலாடைக்கட்டி வாங்கினால் சாந்த் எலேனா பூங்கா பெஞ்சுக்குக் கொண்டுபோங்கள். பாலத்தின் படியிலும் சான் மார்கோவிலும் உட்கார்ந்து சாப்பிட்டால் அபராதம். கால்வாயில் காலை நனைக்கும் ஆசையும் வேண்டாம்.

சான் சக்காரியா தேவாலயத்தில் பெல்லினி 1505இல் வரைந்த பலிபீட ஓவியத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். மாதத்தின் முதல் ஞாயிறு அக்காதெமியா அருங்காட்சியகமும் இலவசம். சான் மார்கோ பேராலயத்தில் முதுகுப்பைக்கு அனுமதி இல்லை, தோளும் மூடியிருக்க வேண்டும். அன்று பையை விடுதியிலேயே விட்டுவிடுங்கள்.

குளிர்காலத் தொடக்கத்தில் போனால் கடல் நீர்மட்ட முன்னறிவிப்பைப் பாருங்கள். 2020 அக்டோபரிலிருந்து இயங்கும் மோசே எனும் கடல் தடுப்பு பெரிய வெள்ளத்தைத்தான் நிறுத்துகிறது. அதற்குக் குறைந்த நீர்மட்டத்திலேயே சான் மார்கோ சதுக்கத்தில் தண்ணீர் தேங்கிவிடும். துணி ஷூ நனைந்தால் காய ஒரு நாள் ஆகும். இருவருமே ஒரு ஜோடி மாற்றுச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.