வென்டிலேட்டர் நோயாளிக்கு நிமோனியா: நர்ஸிங்கில் நழுவும் இடங்கள்

மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்டு 48 மணி நேரம் தாண்டியபின் வரும் நிமோனியாவை வென்டிலேட்டர் நிமோனியா என்கிறோம். மெஷினிலிருந்து கிருமி வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது நோயாளியின் வாயிலிருந்தே வருகிறது. எச்சிலும் சளியும் தொண்டையில், கஃபுக்கு (டியூபின் நுனியைச் சுற்றி ஊதி வைக்கும் சிறு பை) மேலே குளம்போலத் தேங்கி, கஃபின் சுருக்கங்கள் வழியாகச் சொட்டுச் சொட்டாக நுரையீரலுக்குள் இறங்குகின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால், எங்கே தவறுகிறோம் என்பது தானாகப் புரியும்.

முதலில் படுக்கை. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பார்சிலோனாவில் 86 பேரிடம் நடந்து 1999-ல் வெளியான ஆய்வில், மல்லாந்து படுத்திருந்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு நிமோனியா இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. சாய்ந்து படுத்திருந்தவர்களில் 8 சதவீதம்தான். ஆனால் முதுகு துடைக்கவும் பெட்ஷீட் மாற்றவும் கட்டிலைச் சமமாக்கிவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். இன்னொன்றும் நடக்கும்: கட்டில் 30 டிகிரி காட்டும், நோயாளியோ சறுக்கிக் கீழே இறங்கி இடுப்பில் மடங்கிக் கிடப்பார், நெஞ்சு தட்டையாகவே இருக்கும். எண்ணைப் பார்க்காதீர்கள், நெஞ்சைப் பாருங்கள். இரண்டு பேர் சேர்ந்து மேலே இழுத்துப் படுக்க வைத்துவிட்டு, அப்புறம் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள்.

திருப்பிப் போடும்போது இன்னொரு ஆபத்து, மெஷினையும் டியூபையும் இணைக்கும் சர்க்கியூட் குழாயில் தேங்கிய தண்ணீர். சர்க்கியூட்டைத் தூக்கியதும் அது கலகலவென்று நோயாளியின் பக்கம் ஓடும். கிருமி நிறைந்த தண்ணீர் அது. திருப்புவதற்கு முன்பே வடித்துவிட வேண்டும். மற்றபடி சர்க்கியூட்டைக் கெடு வைத்து மாற்றத் தேவையில்லை. அழுக்கானாலோ பழுதானாலோ மாற்றினால் போதும். ஒவ்வொரு முறை கழற்றுவதும் கிருமிக்கு ஒரு வாசல் திறப்பதுதான்.

கஃபோடு இணைந்து வெளியே தொங்கும் பலூனை விரலால் அமுக்கிப் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்று எழுதுவது ரொம்பப் பழைய பழக்கம். விரல் ஏமாற்றும். அழுத்தம் காட்டும் மானோமீட்டரில் 20-க்கும் 30-க்கும் இடையே, நீர் சென்டிமீட்டர் கணக்கில், இருக்க வேண்டும். குறைந்தால் எச்சில் இறங்கும். கூடினால் மூச்சுக்குழாய் புண்ணாகும். கஃப் காற்றை இறக்க வேண்டி வந்தால், முதலில் வாயையும் தொண்டையையும் சக்‌ஷன் செய்து, தேங்கியதை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தேங்கியதெல்லாம் ஒரே மடக்கில் உள்ளே போகும்.

சக்‌ஷனில் நானும் வருடக்கணக்கில் ஒரு தவறு செய்தேன். சளி கெட்டியாக இருக்கிறதே என்று டியூபுக்குள் சலைன் விட்டுவிட்டு உறிஞ்சுவேன். விட்டதில் பாதிகூடத் திரும்பி வராது. டியூபின் உட்சுவரில் ஒட்டிய கிருமியையும் அது கழுவிக்கொண்டு கீழே போகும். சளி கெட்டியானால் காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையரைப் பாருங்கள். மணிக்கணக்கு வைத்துச் சக்‌ஷன் செய்வதும் வேண்டாம். சளிச் சத்தம் கேட்டால், ஆக்சிஜன் இறங்கினால் செய்யுங்கள், ஒரு தடவைக்கு 15 நொடிக்குள். வாயில் விட்ட உறிஞ்சுகுழாயை (கதீட்டர்) டியூபுக்குள் விடவே கூடாது. கையுறை போட்டிருக்கிறோமே என்று கை கழுவாமல் இருப்பதும் அதே வகைதான்.

வாய் சுத்தத்துக்குக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைத் தடவினால் போதும் என்பது பழைய பாடம். 2022-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் அதை விட்டுவிட்டுப் பிரஷ்ஷால் பல் தேய்க்கச் சொல்கிறது. குழந்தைகளுக்கான சிறிய மென்மையான பிரஷ் கைக்கு வசதி. பல்லின் பின்பக்கம், நாக்கு, டியூப் உதட்டைத் தொடும் இடம் எல்லாம் தேயுங்கள், கூடவே உறிஞ்சுங்கள். முதல் தடவை தேய்க்கும்போது பழுப்பாக வரும் அழுக்கைப் பார்த்தால், பஞ்சு வைத்துத் துடைத்தது எவ்வளவு அரைகுறை என்று தெரியும்.

கடைசியாக, டியூப் ஒரு நாள் முன்னால் வெளியே வந்தால் ஒரு நாள் ஆபத்து குறையும். மயக்க மருந்து ஓடிக்கொண்டே இருந்தால் அது நடக்காது. காலை ரவுண்ட்ஸில் டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல், "இன்னிக்கு செடேஷனை நிறுத்திப் பார்க்கலாமா சார்?" என்று நீங்களே கேளுங்கள். ராத்திரி முழுக்க நோயாளியின் பக்கத்தில் நின்றவர் நீங்கள்தானே.