நச்சு பொருளில் இருந்ததா, சோதனையில் பிறந்ததா? நுண்ணளவுப் பகுப்பாய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாத்திரையிலோ களிம்பிலோ புற்றுநோய்க் காரணி இருப்பதாக அறிக்கை எழுதுமுன், சோதனை முறையே அதை உருவாக்கியிருக்குமா என்று பார்த்தாக வேண்டும்.

இதில் மிகப் பெரிய தவறு, சூட்டில் சிதையும் பொருளைச் சூடாக்கிச் சோதிப்பது. 2019-இல் ரானிடிடின் என்ற வயிற்று அமில மாத்திரைகளை 130 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, ஹெட்ஸ்பேஸ் ஜிசி-எம்எஸ் முறையில் (குப்பியில் எழும் ஆவியைப் பிரித்து நிறை அளக்கும் முறை) பார்த்தபோது, மாத்திரைக்கு 25 லட்சம் நானோகிராமுக்கு மேல் என்டிஎம்ஏ (புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஒரு நைட்ரசோ சேர்மம்) காட்டியது. நாளொன்றுக்கு ஏற்கத்தக்க அளவு வெறும் 96 நானோகிராம். அந்த வெப்பத்தில் ரானிடிடினே உடைந்து என்டிஎம்ஏ ஆகிறது. அதனால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சூடாக்கத் தேவையில்லாத, திரவத்தில் கரைத்துப் பிரிக்கும் எல்சி-எம்எஸ் முறைக்கு மாறச் சொன்னது. அளவு பல மடங்கு குறைந்தது. அதற்காக அந்த மருந்து பாதுகாப்பானது என்று ஆகிவிடவில்லை. சேமிப்பில் இருக்கும்போதே என்டிஎம்ஏ கூடுவது தெரியவந்து, 2020 ஏப்ரலில் அதைச் சந்தையிலிருந்து விலக்கக் கோரினார்கள். முகப்பருக் களிம்பிலுள்ள பென்சாயில் பெராக்சைடும் இப்படித்தான்: சூடாக்கினால் புற்றுநோய்க் காரணியான பென்சீன் வரும்.

அடுத்தது ஆள்மாறாட்டம். நீரிழிவு மருந்தான மெட்பார்மினில் எஞ்சும் டிஎம்எஃப் (டைமெத்தில்பார்மமைடு) கரைப்பானில், சற்றே கனமான நைட்ரஜன்-15 ஐசோடோப்பு கொண்ட அயனி கருவியின் நிறை அளவில் 75.0570-இல் விழும், என்டிஎம்ஏ அயனி 75.0553-இல். கருவியின் நிறைத் துல்லியம் போதாவிட்டால் ஒன்று மற்றொன்றாகப் பதிவாகி, இல்லாத நச்சு கணக்கில் ஏறும். துல்லியத்தை மட்டும் நம்பாமல், இரண்டும் வெவ்வேறு நேரத்தில் வெளிவரும்படி பிரிப்புக் குழாயையும் (காலம்) அதில் ஓடும் கரைப்பான் கலவையையும் அமைப்பதே உறுதியான வழி.

இருப்பதைத் தொலைப்பதும் நடக்கும். பென்சீன் 80 டிகிரியில் கொதிப்பது. அறை வெப்பத்திலேயே ஆவியாகும். மாதிரியைக் குளிர்ந்த நிலையில் விரைவாக எடைபோட்டு உடனே குப்பியை மூடுங்கள். கன ஹைட்ரஜனான டியூட்டீரியம் ஏற்றிய பென்சீனை, இழப்பைக் காட்டும் ஒப்பீட்டுப் பொருளாகத் தொடக்கத்திலேயே மாதிரியில் சேர்க்க வேண்டும். பிரித்தெடுத்த பிறகு சேர்த்தால், இடையில் ஏற்பட்ட இழப்பை அது காட்டாது. அளவுக்கோட்டை (தெரிந்த அளவுகளை அளந்து வரையும் ஒப்பீட்டுக் கோடு) வெறும் கரைப்பானில் போடுவதும் ஏமாற்றும்: களிம்பின் எண்ணெய் பென்சீனைப் பிடித்துவைத்துக்கொள்வதால் விடை குறைவாக வரும்.

மாதிரி இல்லாமல் எல்லாப் படிகளையும் செய்துபார்க்கும் வெற்றுச் சோதனையைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ரப்பர் மூடியும், அயனிப் பரிமாற்றப் பிசினில் சுத்திகரித்த நீருமே என்டிஎம்ஏ கொண்டுவரக்கூடும். செறிவான மாதிரிக்குப் பின்னும் ஒரு வெற்றுச் சோதனை ஓட்டுங்கள். முந்தையதன் எச்சம் அடுத்ததில் ஏறும்.

கடைசியாக அறிக்கை. கருவி இரைச்சலைப் (மாதிரியே இல்லாதபோதும் வரும் பின்னணி அலைவு) போல 3 மடங்கு உயர்ந்த சிகரம் 'இருக்கிறது' என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு என்று சொல்ல 10 மடங்காவது வேண்டும். எந்த அளவு வரை கண்டறிய முடியும் என்று குறிப்பிடாத 'கண்டறியப்படவில்லை' யாருக்கும் பயன்படாது. பிபிஎம்மை (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தினசரி அளவோடு பொருத்தியும் பாருங்கள்: நாளுக்கு 300 மில்லிகிராம் உட்கொள்ளும் மருந்தில் 96 நானோகிராம் என்பது 0.32 பிபிஎம், நாளுக்கு 2 கிராம் உட்கொண்டால் அதே வரம்பு 0.048 பிபிஎம்மாக இறங்கும்.