பசிபிக் தீவுகளின் உயிரினங்களைக் காப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனிதர் வந்து சேர்ந்தபோது நியூசிலாந்தில் வௌவால்களைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இல்லை. ஹவாயிலும் நிலைமை அதுவே. பசிபிக் பெருங்கடலின் தொலைதூரத் தீவுகளில் பறவைகளும் நத்தைகளும் பூச்சிகளும் எலியையோ பூனையையோ அறியாமலே பல இலட்சம் ஆண்டுகள் வாழ்ந்து வந்தன. பறக்க இயலாத காக்காபோ கிளி, ஆபத்தை உணர்ந்தால் அசையாமல் நின்றுவிடும். வானிலிருந்து கண்ணால் தேடும் கழுகிடமிருந்து தப்புவதற்கு அந்தப் பழக்கம் போதுமானதாக இருந்தது. மோப்பம் பிடித்து வரும் விலங்கிடம் அதே பழக்கம் அதன் உயிருக்கு உலை வைத்தது. இத்தகைய உயிர்களைக் காக்கும் முயற்சியில் நேர்ந்த தவறுகளுள் பல, நல்லது செய்ய முனைந்தவர்களாலேயே நேர்ந்தவை. அதனால்தான் அவை திரும்பத் திரும்ப நிகழ்கின்றன.

அவற்றுள் மிகப் பழைய தவறு, ஓர் உயிரினத்தை அடக்க இன்னோர் உயிரினத்தைக் கொண்டுவந்து விடுவது. கரும்புத் தோட்டங்களில் எலித்தொல்லை தாங்காமல் 1883ஆம் ஆண்டில் ஹவாய்க்குக் கீரிகள் கொண்டுவரப்பட்டன. அவை ஜமைக்காவிலிருந்து வந்தவை என்றாலும் அவற்றின் மூதாதைகள் இந்தியாவிலிருந்து போனவையே. அதே ஆண்டில் ஃபிஜிக்கும் கீரி போய்ச் சேர்ந்தது. எலி இரவில் நடமாடும். கீரியோ பகலில் வேட்டையாடும். எலிகளைப் போதிய அளவு சந்திக்காத கீரிகள், தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று பெருகின. நம் ஊர்களில் பாம்புக்குப் பகை என்று மதிக்கப்படும் விலங்கு, ஹவாயின் நேநே வாத்துக்குக் கூற்றுவனாக மாறியது.

இந்த அனுபவத்துக்குப் பிறகும் பாடம் படிந்ததாகத் தெரியவில்லை. தாஹிட்டியில் பயிர்களைத் தின்ற ஆப்பிரிக்கப் பெருநத்தையை ஒழிப்பதற்காக 1974இலும், அருகிலுள்ள மூரேயா தீவில் 1977இலும், அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஓநாய் நத்தை விடப்பட்டது. பிற நத்தைகள் விட்டுச் செல்லும் கோழைத் தடத்தைப் பின்தொடர்ந்து வேட்டையாடும் நத்தை இது. மூரேயாவுக்கே உரிய ஏழு வகைப் பார்ட்டுலா நத்தைகள் மரங்களில் வாழ்ந்து வந்தன. விரல் நக அளவே உள்ள அவற்றின் ஓடுகளைத் தீவு மக்கள் மாலையாகக் கோப்பதுண்டு. ஓநாய் நத்தை வந்த பத்தே ஆண்டுகளில், அந்த ஏழு இனங்களில் ஒன்றுகூட மூரேயாவின் காட்டில் எஞ்சவில்லை என்றே கருதப்பட்டது. பெருநத்தையோ இன்றும் அங்கே இருக்கிறது. முன்கூட்டியே விலங்குக் காட்சியகங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்த நத்தைகளின் வழித்தோன்றல்கள்தாம் 2015 முதல் மீண்டும் தீவுகளில் விடப்பட்டு வருகின்றன. கொண்டுவரும் உயிரினம் எதைத் தின்ன வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அது கிடைக்காதபோது வேறு எதைத் தின்னும் என்ற கேள்விக்கு விடை தெரியும் வரை எதையும் விடுவிக்கக் கூடாது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. என் மனத்தை மிகவும் வருத்துவது அதுதான். ஐயத்துக்கு இடமற்ற சான்று கிடைக்கட்டும் என்று காத்திருந்தே ஓர் இனத்தை இழந்துவிடுவதைச் சொல்கிறேன். நியூசிலாந்தின் தென்கோடியில், அந்நாட்டின் பூர்வகுடிகளான மவோரி மக்கள் தாவுக்கிஹெபா என்றழைக்கும் பிக் சவுத் கேப் தீவு இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் கடற்பறவைக் குஞ்சுகளைப் பிடிக்கச் செல்லும் ரக்கியூரா மவோரி மக்கள், எலிகள் பெருகிவிட்டதை 1964ஆம் ஆண்டில் தெரிவித்தார்கள். எலிகளால் ஓர் இனமே அழியும் என்பதற்குச் சான்று இல்லை, இயற்கை தானே சமநிலைக்கு வந்துவிடும் என்று உயிரியலாளர் சிலர் வாதிட்டார்கள். டான் மெர்ட்டன் முதலிய வனவிலங்குத் துறை அலுவலர்கள் ஒருவழியாக அங்கே சென்று 36 சேணமுதுகுப் பறவைகளைப் பிடித்து, எலியில்லாத சிறு தீவுகளில் விட்டார்கள். தென்தீவுச் சேணமுதுகுப் பறவைகள் அனைத்தும் இன்று அந்த 36இன் வழிவந்தவையே. ஆனால் ஒரு சிற்றுள்ளானும் ஒரு புதர்க்குருவியும் பெரிய குறுவால் வௌவாலும் உலகத்திலிருந்தே மறைந்தன.

ஹவாயின் மாவி தீவில் போஓஉலி என்னும் சிறு பறவை 1973ஆம் ஆண்டில்தான் அறிவியல் உலகுக்குத் தெரியவந்தது. 1990களின் இறுதியில் எஞ்சியவை மூன்றே. அவையும் காட்டின் வெவ்வேறு மூலைகளில் ஒன்றையொன்று அறியாமல் வாழ்ந்தன. பிடிப்பதா, காட்டிலேயே விட்டுக் காப்பதா என்ற விவாதம் நீண்டது. 2002இல் ஒரு பறவையைப் பிடித்து இன்னொன்றின் இடத்தில் கொண்டுபோய் விட்டபோது, அது மறுநாளே தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. 2004 செப்டம்பரில் கூண்டுக்குக் கொண்டுவரப்பட்ட முதிய பறவை நவம்பரில் இறந்தது; மற்ற இரண்டையும் அதன் பின் எவரும் பார்க்கவில்லை. எண்ணிக்கை எந்த அளவுக்குக் குறைந்தால் என்ன நடவடிக்கை எடுப்பது என்பதை, பறவைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாகக் குறைந்த பிறகு எடுக்கும் எந்த முடிவும் காலங்கடந்ததே.

கூண்டில் வளர்த்துப் பெருக்கினால் போதும் என்ற நம்பிக்கையும் ஏமாற்றம் தரும். 2002இல் காட்டிலிருந்து மறைந்த ஆலாலா என்னும் ஹவாய்க் காகத்தைக் கூண்டில் பெருக்கி, 2016 முதல் ஹவாய்ப் பெருந்தீவின் காட்டில் விட்டார்கள். கூண்டில் பிறந்த பறவைகளுக்கு இயோ என்னும் உள்ளூர் வல்லூறை அடையாளம் தெரியவில்லை. பயிற்சி கொடுத்து விட்ட பறவைகளும் காலப்போக்கில் பலியாயின. எஞ்சியவற்றை 2020இல் திரும்பப் பிடித்துக் கூண்டுக்கே கொண்டுவர வேண்டியதாயிற்று. 2024இல் ஐந்து ஆலாலாக்கள் விடப்பட்ட மாவி தீவில் இயோ வல்லூறு இல்லை. முதலில் ஓர் இனத்தை அழித்த காரணம் இன்னும் அங்கே இருக்கிறதா, புதிதாக எது அச்சுறுத்தும் என்பவற்றைத் தீர்க்காமல் கூண்டைத் திறப்பது பறவைகளைப் பலி கொடுப்பதாகவே முடியும்.

தீவு என்றால் சுற்றிலும் கடல் இருக்கிறது, அதுவே வேலி என்று எண்ணுவது இன்னொரு பிழை. ரிச்சர்ட் ஹென்றி என்னும் காவலர் 1894 முதல் பாடுபட்டு, நூற்றுக்கணக்கான காக்காபோக்களையும் கிவிகளையும் நியூசிலாந்தின் ரெசொல்யூஷன் தீவுக்குப் படகில் ஏற்றிச் சென்று விட்டார். கீரியைப் போல ஒல்லியான உடல் கொண்ட ஸ்டோட் என்னும் ஊனுண்ணி, 1900ஆம் ஆண்டில் கடலை நீந்திக் கடந்து அங்கே வந்துவிட்டது. அவருடைய உழைப்பு முழுவதும் பாழாயிற்று. நீந்தத் தெரியாத விலங்குக்கும் படகு இருக்கிறது. 1918இல் மகாம்போ என்னும் கப்பல் ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் தரைதட்டியபோது கரையேறிய எலிகள், அத்தீவுக்கே உரிய ஐந்து பறவை வகைகளை அழித்தன. எலியில்லாத தீவுகளுக்குச் செல்வோர் தம் பைகளையும் காலணிகளையும் மூடிய அறையில் திறந்து சோதித்துவிட்டுப் புறப்பட வேண்டும் என்று நியூசிலாந்தில் கட்டாயப்படுத்துவது வெறும் சடங்கன்று.

எலி ஒழிப்பில் பெரும்பகுதியை முடித்துவிட்டால் வெற்றி என்று கொள்ளவும் முடியாது. தென்பசிபிக்கின் ஹெண்டர்சன் தீவில் 2011ஆம் ஆண்டில் வானிலிருந்து நஞ்சு தூவி ஏறத்தாழ எல்லா எலிகளையும் கொன்றார்கள். சில பத்து எலிகள் பிழைத்தன, சில ஆண்டுகளில் தீவு பழைய நிலைக்கே திரும்பிற்று. நஞ்சைத் தின்னக்கூடிய உள்ளூர் உயிர்களை மறந்துவிடுவதும் இத்தகைய பணியில் எளிதில் நேரும் பிழை. லார்ட் ஹோவ் தீவில் 2019இல் எலி ஒழிப்பைத் தொடங்குமுன், பறக்க இயலாத காட்டுக்கோழிகள் இருநூறுக்கும் மேற்பட்டவற்றைப் பிடித்துக் கூண்டுகளில் பாதுகாத்தார்கள். பணி முடிந்ததும் தேடலை நிறுத்தாததால், 2021இல் இரண்டு எலிகள் தென்பட்டவுடன் மீண்டும் ஒழிப்பில் இறங்க முடிந்தது. காட்டுக்கோழிகள் இப்போது பல மடங்கு பெருகியுள்ளன.

எண்ணிக்கையை மட்டுமே வெற்றியாகக் கொள்வது, அக்கறையுள்ளவர்களையே ஏமாற்றிவிடும் நுட்பமான தவறு. நியூசிலாந்தைச் சேர்ந்த சாத்தம் தீவுகளின் கருங்குருவி 1980இல் ஐந்தே பறவைகளாகக் குறைந்திருந்தது. முட்டையிடும் பெட்டை ஒன்றே ஒன்று, அதற்கு ஓல்ட் புளூ என்று பெயர். மெர்ட்டன் குழுவினர் அதன் முட்டைகளை வேறு இனப் பறவையின் கூட்டில் வைத்துப் பொரிக்கச் செய்து அந்த இனத்தையே மீட்டார்கள். உலகம் வியந்த பணி அது. இடையில் சில பெட்டைகள் முட்டையைக் கூட்டின் விளிம்பில் இடத் தொடங்கின. அப்படியே விட்டால் அந்த முட்டை வீணாகிவிடும் என்பதால், பணியாளர்கள் ஒவ்வொன்றையும் கூட்டுக்குள் எடுத்து வைத்தார்கள். ஒரு முட்டையும் வீணாகக் கூடாது என்ற நிலையில் அவர்கள் செய்தது நியாயமே. ஆனால் அந்தப் பழக்கம் பரம்பரையாக வருவது. இயற்கை கழித்துவிட்டிருக்கக்கூடிய குறையை மனிதக் கை காப்பாற்றிக் கொடுத்தது. 1989இல் பாதிக்கும் மேற்பட்ட பெட்டைகள் விளிம்பில் முட்டையிட்டன. முட்டைகளை நகர்த்துவதை நிறுத்திய பின் அந்தக் குறை படிப்படியாகக் குறைந்தது. அவசரத்தில் கொடுத்த உதவியை எப்போது நிறுத்துவது என்பதையும் திட்டத்தின் தொடக்கத்திலேயே தீர்மானிக்க வேண்டும்.

காக்காபோ விஷயத்திலும் இதைப் போன்ற ஒன்று நேர்ந்தது. முட்டையிடுவதை ஊக்குவிக்கப் பெட்டைகளுக்குக் கூடுதல் தீனி வைத்தார்கள். கொழுத்த பெட்டைகளுக்குப் பிறந்த குஞ்சுகளில் ஆண்களே மிகுதி. இனத்துக்குத் தேவைப்பட்டவையோ பெட்டைகள். பெட்டைகளின் எடையைக் கவனித்துத் தீனியை அளந்து வைத்தபோது நிலைமை சீரானது. 1995இல் 51 ஆக இருந்த காக்காபோ 2022இல் 250ஐத் தாண்டியது.

நிலத்துக்கு உரிய மக்களை, வேலை முடிந்த பின் தகவல் சொல்ல வேண்டியவர்களாக நடத்துவதைக் கடைசியாகச் சொல்கிறேன் என்றாலும், முக்கியத்துவத்தில் அது கடைசியானதன்று. குக் தீவுகளின் ராரோடோங்காவில் காக்கெரோரி என்னும் சிறு பறவை 1989இல் 29ஆகக் குறைந்திருந்தது. அதன் காடு மூன்று குடும்பக் குழுக்களின் உடைமை. எலிகளைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை 1996இல் அவர்களே ஏற்றுக்கொண்டு, அந்தப் பறவையை நூற்றுக்கணக்கில் பெருக்கினார்கள். ஒரே தீவில் எல்லாவற்றையும் வைத்திருந்தால் ஒரு புயலே முடித்துவிடும் என்பதால், 2001 முதல் 2003 வரை முப்பது பறவைகள் அட்டியு தீவுக்கு மாற்றப்பட்டன. அட்டியுவில் கப்பல் எலி இல்லை. மரபுத் தலைவர்களின் இசைவும் கிடைத்தது. 2007இல் அதே தீவுக்குக் குரா என்னும் செங்கிளி, பிரெஞ்சு பாலினீசியாவின் ரிமாதரா தீவிலிருந்து திரும்பி வந்தது. சிவந்த இறகுக்காக மற்ற தீவுகளில் வேட்டையாடி முடிக்கப்பட்ட அந்தக் கிளி ரிமாதராவில் பிழைத்திருந்ததற்குக் காரணம், அத்தீவின் அரசி முற்காலத்தில் விதித்த தடையை மக்கள் தலைமுறைகளாகக் காத்து வந்ததுதான்.

அட்டியுவில் குராவுக்குத் தொல்லை கொடுத்தது நம் நாகணவாய்ப் பறவை, அதாவது மைனா. தென்னையைத் தின்னும் பூச்சியை ஒழிக்கவென்று நூறாண்டுகளுக்கு முன் குக் தீவுகளுக்குக் கொண்டுவரப்பட்ட பறவை அது. அட்டியு மக்கள் பல ஆண்டுகள் முயன்று ஆயிரக்கணக்கான மைனாக்களை அகற்றினார்கள். கண்ணியையும் துப்பாக்கியையும் நன்கு அறிந்துகொண்ட கடைசிச் சிலவற்றைப் பிடிப்பதற்குத்தான் மிகுந்த பொறுமை தேவைப்பட்டது.