கத்திரிக்கு ஒரு கலவை, மார்கழிக்கு ஒரு கலவை

வேலூர் வெயில் தெரியுமில்லையா? கத்திரி முடியும்போது என் முகம் கழுத்தைவிட ஒரு படி கறுத்திருக்கும். மார்கழியில் பழைய நிறத்துக்குத் திரும்பும், ஆனால் கன்னம் வறண்டு தோல் வெளுத்துப் பூத்துவிடும். முக நிறத்தைச் சீராகக் காட்டப் பூசும் பவுண்டேஷன், ஒரே ஷேட் வருஷம் முழுக்க எப்படிப் பொருந்தும்?

இப்போது இரண்டு பாட்டில் வைத்திருக்கிறேன். ஒன்று மார்கழி நிறத்துக்கு, மற்றது அதைவிட அடர்ந்த ஷேட். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வகை, மஞ்சள் சாயல். புறங்கையில் விட்டுக் கலந்து, தாடையிலிருந்து கழுத்துக்கு ஒரு கோடு இழுத்து, கொஞ்ச நேரம் கழித்து வாசல் வெளிச்சத்தில் பார்ப்பேன். சில பவுண்டேஷன் காற்றுப் பட்டதும் இன்னும் கறுக்கும், அதற்குத்தான் அந்தக் காத்திருப்பு. (கடையில் ஏன் மணிக்கட்டில் தடவிக் காட்டுகிறார்களோ!)

முன்பெல்லாம் பவுண்டேஷன் போட்டால் முகம் சாம்பலாகத் தெரியும். அதற்குப் பாதிக் காரணம் அடியில் போட்ட சன்ஸ்கிரீன். அதிலிருந்த ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும் வெள்ளைப் பொடிகள். நம் நிறத்தில் அப்படியே தெரியும். அயர்ன் ஆக்சைடு என்ற நிறப்பொடி சேர்த்த டின்டட் (நிறமூட்டிய) சன்ஸ்கிரீனுக்கு மாறினேன், சாம்பல் போச்சு. வெயில் காலத்தில் மூக்கிலும் நெற்றியிலும் மட்டும் பவுடரை ஒற்றுவேன். மார்கழியில் பவுடர் பக்கமே போவதில்லை. மாய்ஸ்சரைசர் நன்றாக ஊறின பிறகுதான் பவுண்டேஷன்.