கூச்சத்தால் போகும் பணம்

மார்ச் கடைசி வாரத்தில் வீடு தேடி வரும் உறவினரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். என்னிடம் வந்தவர் ஒன்றுவிட்ட சித்தப்பா. "வரியும் மிச்சம், பிள்ளை படிப்புக்கும் ஆச்சு, வருஷம் 50,000 தான்டா" என்றார். காபி ஆறுவதற்குள் ஒரு ஆயுள் காப்பீட்டு பாலிசிக்கு மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 20 வருடம் கட்டினால் 18 லட்சம் வரும் என்று ஒரு தாளில் எழுதியும் காட்டினார். பத்து கட்டிப் பதினெட்டு வாங்கினால் யாருக்குக் கசக்கும்? சித்தப்பாவிடம் போய் "இது எத்தனை சதவீதம்?" என்று கேட்கக் கூச்சம். நம் வீடுகளில் பணம் போகிற வழியில் பாதி இந்தக் கூச்சம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

உட்கார்ந்து கணக்குப் போட்டது நான்கு வருடம் கழித்து. வருடத் தொடக்கத்தில் 50,000 வீதம் கட்டி, 20 வருட முடிவில் 18 லட்சம் கிடைத்தால் அது ஆண்டுக்கு 5 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். அதே பணத்தை அஞ்சலகத்தில் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கில் போட்டு, 15 வருடம் முடிந்ததும் இன்னும் 5 வருடம் நீட்டித்து, 2020 ஏப்ரலில் இருந்து வரும் 7.1 சதவீதமே கடைசி வரை நீடித்தால் 22 லட்சம் ஆகியிருக்கும். (அந்த வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.) சரி, உயிருக்குக் காப்பீடு இருக்கிறதே என்றால், என் பாலிசியில் அது 10 லட்சம். மாதம் 40,000 செலவாகும் வீட்டுக்கு 25 மாதச் சோறு. அதற்குப் பிறகு?

காப்பீடு வேண்டுமென்றால் டேர்ம் பாலிசி மட்டும் போதும், அதாவது குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தருவது. அந்த 50,000-இல் ஒரு பகுதியைக் கட்டினாலே இதைப்போலப் பல மடங்கு தொகைக்குப் பாதுகாப்பு கிடைக்கும், மீதியைத் தனியாகச் சேமிக்கலாம். "கடைசியில் ஒண்ணும் திரும்ப வராதே" என்பார்கள். பைக்குக்கு இன்சூரன்ஸ் கட்டிவிட்டு, இந்த வருடம் விபத்தே ஆகவில்லையே, பணம் போச்சே என்று யாராவது அழுகிறோமா? வரி மிச்சம் என்ற பேச்சும் பலருக்கு இனி செல்லாது. 2023-24-இல் இருந்து, நாமாக வேறு சொல்லாவிட்டால், புதிய வரி முறைதான், 80சி என்று சொல்லிவந்தோமே, காப்பீட்டுக்குக் கட்டும் பணத்துக்கான அந்தக் கழிவு அதில் கிடையாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பத்திரம் கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம், சிறு பிடித்தம் போக மீதிப் பணம் வரும். சித்தப்பா நாலு மாதம் பேசமாட்டார்.

அடுத்தது நகை. கழுத்தில் போட ஆசைப்பட்டு வாங்கினால் வாங்குங்கள், அதில் தப்பில்லை, ஆனால் அதை முதலீடு என்று சொல்லாதீர்கள். 1 லட்ச ரூபாய்த் தங்கத்துக்குச் செய்கூலி சேதாரம் 12 சதவீதம், அதன் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. போட்டால் பில் 1,15,360. மறுநாளே விற்கப் போனால் தங்கத்தின் விலைதான் கிடைக்கும், அதுவும் முழுசாக வந்தால். விலை 15 சதவீதம் ஏறின பிறகுதான் நீங்கள் போட்ட காசையே பார்க்கிறீர்கள். நகைச்சீட்டு ஏன் பெரும்பாலும் 11 மாதம் என்று யோசித்திருக்கிறீர்களா? பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை ஒரு நிறுவனம் 365 நாளுக்கு மேல் வைத்திருந்தால் அது டெபாசிட் ஆகிவிடும் என்று 2014-ஆம் வருட விதி இருக்கிறது. கடை மூடினால் அந்தப் பணத்துக்கு வங்கிப் பணம் போலக் காப்பீடும் இல்லை.

வங்கியிலும் அந்தக் காப்பீடு ஒரு வங்கிக்கு ஒரு ஆளுக்கு 5 லட்சம் வரைதான், எல்லாக் கிளையும் அசலும் வட்டியும் சேர்த்து. ஏலச்சீட்டுக்கு அதுவும் கிடையாது. 1982-ஆம் வருடச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனியாக முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். சீட்டுப் பிடிக்கும் அக்கா ரொம்ப நல்லவர்தான், கேட்டால் கோவித்துக்கொள்வார், அதனால் யாரும் கேட்பதில்லை. மாதம் 10 சதவீதம் வட்டி என்று எவராவது சொன்னால் அங்கே கேட்கவும் ஒன்றுமில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.

ஆபீஸ் மருத்துவக் காப்பீட்டை மட்டும் நம்புவதும் தவறு, வேலை போகிற அன்று அதுவும் போகும். 50 வயதில் சர்க்கரையோடு புதிதாக எடுத்தால், அது சம்பந்தமான செலவுக்கு 3 வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம்.

ஆனால் நான் பார்த்ததில் மோசமானது நாமினி விஷயம்தான். எங்கள் தெருவில் ஒருவர் திடீரென்று இறந்துபோனார். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த பாலிசி, நாமினி அவருடைய அம்மா. வங்கிக் கணக்கில் நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்குத்தான். ஆயுள் காப்பீட்டில் 2015-ஆம் வருடத் திருத்தத்துக்குப் பிறகு அப்படி இல்லை: பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே என்கிறது சட்டம். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஏற்கெனவே பேச்சில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தப் பெண் தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழுக்கு நின்றாள், அது கைக்கு வந்தும் அந்தப் பாலிசிப் பணத்துக்கு உதவவில்லை. உயிரோடு இருக்கும் மனிதரிடம் "நீங்கள் செத்தால் யாருக்கு?" என்று எந்த மனைவி கேட்பாள்? அவர்தான் மாற்றியிருக்க வேண்டும், ஒரு படிவம், அவ்வளவுதான்.

அன்று இரவே என் பி.எஃப். கணக்கைத் திறந்து பார்த்தேன். கல்யாணமாகி ஒன்பது வருடம், நாமினி இன்னும் அம்மா. பி.எஃப். விதிப்படி கல்யாணத்தோடு அந்த நியமனம் செல்லாமல் போய்விடுகிறது, அதுகூட அதுவரை எனக்குத் தெரியாது. இணையதளத்திலேயே மாற்றலாம், ஆதாரோடு இணைத்த போனுக்கு வரும் ஓ.டி.பி. போட்டால் போதும். மனைவியின் போட்டோ கேட்டது. தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பி, எதற்கென்று சொல்லாமல் படம் எடுத்தேன். அதைச் சொல்ல இன்னும் கூச்சமாகத்தான் இருந்தது.