மலிவு சிக்னல் ஜெனரேட்டரின் அதிர்வெண்ணை ஜிபிஎஸ் துடிப்பால் சோதிக்கும் முறை

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய, ஏடி9833 சிப் கொண்ட சிக்னல் ஜெனரேட்டரில் (கேட்கும் அதிர்வெண்ணில் மின் அலை தரும் கருவி) 10 கிலோஹெர்ட்ஸ் என்று அமைத்தால், அதற்குக் கடிகாரமாக இருக்கும் 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் எந்த அளவுக்குப் பிசகியிருக்கிறதோ அதே விகிதத்தில் வெளியீடும் பிசகியிருக்கும். அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் தரும் எண்ணும் இன்னொரு கிரிஸ்டலை நம்பியதுதான் என்பதால், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஜிபிஎஸ் மாட்யூல் வினாடிக்கொரு முறை தரும் பிபிஎஸ் துடிப்பையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

நியோ-6எம் மாட்யூல் போதும். கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பதால், ஜன்னலோரத்தைவிட மொட்டை மாடியே ஆன்டெனாவுக்கு ஏற்ற இடம். செயற்கைக்கோள்கள் பிடிபட்டதும் பலகையிலுள்ள எல்இடி சிமிட்டத் தொடங்கும். பிபிஎஸ்ஸுக்குத் தனிப் பின் இல்லாத மலிவுப் பலகைகளில், அந்த எல்இடிக்குத் துடிப்பைக் கொண்டுசெல்லும் தடத்தில் மெல்லிய ஒயரைச் சால்டர் செய்து எடுத்துக்கொள்ளலாம்.

துடிப்பை ஸ்கோப்பின் முதல் சேனலில் கொடுத்து, அது ஏறும் விளிம்பில் நார்மல் ட்ரிகர் (துடிப்பு வரும்போது மட்டும் திரையைப் புதிதாக வரையும் முறை) அமைக்க வேண்டும். அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய ஜெனரேட்டரின் 10 கிலோஹெர்ட்ஸ் அலையை இரண்டாம் சேனலில் இணைத்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் அலை சற்றே நகர்வது தெரியும். வினாடிக்கு எத்தனை மைக்ரோவினாடி நகர்கிறதோ, பிழை அத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு). இடப்புறம் நகர்ந்தால் அதிர்வெண் கூடுதல்; வலப்புறம் நகர்ந்தால் குறைவு. ஒரே விளிம்பைக் கண்ணால் தொடர்ந்து, 10 வினாடி நகர்வை அளந்து வகுப்பது மேல். இவ்வளவு சிறிய நகர்வை அளப்பதால் ஸ்கோப்பின் சொந்தப் பிழை இங்கே பொருட்டல்ல.

10 கிலோஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. ஏடி9833 சுமார் 0.093 ஹெர்ட்ஸ் படிகளில்தான் நகரும். கேட்ட அதிர்வெண் இரு படிகளுக்கு நடுவே விழுந்தால் கீழ்ப் படியில் நின்றுவிடும். 1 கிலோஹெர்ட்ஸில் இந்த முழுமையாக்கலே ஏறக்குறைய 39 பிபிஎம் குறைத்துக் காட்டி, கிரிஸ்டலின் குற்றமோ என்று ஐயுற வைக்கும். 10 கிலோஹெர்ட்ஸில் அந்தக் குறைவு 1.7 பிபிஎம் மட்டுமே. 1 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால், ஒரு வினாடிக்குள் அலை எத்தனை முழுச் சுற்று நழுவியது என்றே தெரியாது.

வெப்பம் மாறினால் கிரிஸ்டலின் அதிர்வெண்ணும் மாறும் என்பதால், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் வேலை செய்பவர்கள் உச்சி வெயிலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் அளந்து, வழக்கமாகப் பயன்படுத்தும் வேளையின் அளவையே எடுத்துக்கொள்ள வேண்டும். அளவு 10.3 பிபிஎம் கூடுதல் என்று வந்தால், 1.7ஐச் சேர்த்து, கிரிஸ்டலின் பிழை 12 பிபிஎம் என்று கொள்ள வேண்டும். ஜெனரேட்டரை இயக்கும் ஆர்டுயினோ பலகையின் நிரலில் 25000000 என்றிருக்கும் கடிகார எண்ணை 25000300 என்று மாற்றினால் கிரிஸ்டலால் வரும் பிழை சரியாகிவிடும்; படிகளால் வரும் சிறு குறைவு மட்டும் எஞ்சும்.